கதவைத் தட்டியது யார்?

பல வருடங்களாக டிவி தொடர்களுக்கு எழுதித் தள்ளியவள், முதல்முறையாக ஒரு சினிமா கம்பெனியில் கதை சொல்ல உட்கார்ந்தாள்.

"சீரியல் எழுதுறவங்களுக்கு ரெண்டரை மணி நேரம் ஆளை உட்கார வைக்க வருமாம்மா?" என்று எடுத்த எடுப்பிலேயே குத்தினார் தயாரிப்பாளர்.

"கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார்."

தொடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை எபிசோடின் கடைசியில் யாரையாவது கதவைத் தட்டவைத்து விடுவார்கள். தட்டியது யார் என்பதைத் திங்கட்கிழமைதான் யோசிப்பார்கள். இவளும் அப்படித்தான். வீட்டில் மாமியார், "யாரும்மா அது?" என்று நச்சரித்தால், "திங்கக்கிழமை பாருங்க அத்தை" என்பாள். அவளுக்கே தெரியாது என்பது அத்தைக்குத் தெரியாது.

பாதிக் கதையில் தயாரிப்பாளரின் போன் அலறியது. பழக்க தோஷம், அவள் வாய் தானாகவே, "அப்போ யாரோ கதவைத் தட்டுறாங்க சார்" என்று சொல்லி நிறுத்தியது. அவள் எழுதி வைத்திருந்த கதையில் யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை.

"நீங்க பேசிட்டு வாங்க சார்."

அவர் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். "அது கிடக்கட்டும். தட்டினது யாரும்மா?"

அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது.