என்ன வருஷம்?

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து சுன்னிவாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அஸ்லாக்கின் கைபேசி அதிர்ந்தது. மனைவி விழித்துவிடக் கூடாதென்று அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அழைத்தது ஒட்வார், இருபது வருடமாக அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன்.

"அஸ்லாக், சொல்லவே வாய் வரல. கடலைத் திறக்காமலே ஓட்டிட்டோம்."

"புரியுற மாதிரி சொல்லுப்பா. நான் படகு எஞ்சின் பாக்குறவன்."

"சோதனைக்காகச் சுன்னிவா கணினில இருக்கிற கடலை மூடி வச்சிருந்தா. நிஜ ஓட்டத்துக்கு முன்னாடி திறக்கணும். மறந்துட்டா. நானும் பாக்கல. மூணு வாரம் வீண். இப்பதான் முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன்."

"திறந்தா என்ன ஆகும்?"

"நாம காத்துலேர்ந்து கரியமில வாயுவை எடுக்க எடுக்க, இத்தனை காலம் முழுங்கினதைக் கடல் திருப்பிக் குடுத்துட்டே இருக்கும். சின்னதா ஓட்டிப் பாத்தேன். சூடு இறங்கின மாதிரியே இல்ல. அவகிட்ட சொல்லப் போறியா?"

கணினிக்குள் ஒரு பூமியை ஓட்டி, அதன் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சினால் சூடு தணியுமா என்று பார்ப்பதுதான் சுன்னிவாவின் வேலை. இனி மருந்தில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, கடைசி ஓட்டத்தைக் கட்டிலில் சாய்ந்தபடியே தொடங்கிவைத்தாள். இரண்டாயிரத்து முப்பதில் ஆரம்பம். ஒரு நாளைக்கு எட்டு வருடம் ஓடும். தினமும் விழித்ததும், "என்ன வருஷம்?" என்பாள். அஸ்லாக் திரையைப் பார்த்துச் சொல்வான்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் தூரிட்டும், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அதே கேள்வியைத்தான் கேட்பாள். "ரெண்டாயிரத்து நூத்தி இருபத்தாறு" என்றாள் சுன்னிவா ஒருநாள். தூரிட் முகம் வாடி, 'குழப்பம்' என்று எழுதிக்கொண்டு போனாள். "என் பொண்டாட்டி அடுத்த நூற்றாண்டுல இருக்கா, நான் இன்னும் திங்கக்கிழமையையே தாண்டல" என்று அஸ்லாக் அன்று வயிறு வலிக்கச் சிரித்தான். இந்த வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு.

அவன் திரும்பி வந்தபோது அவள் விழித்திருந்தாள்.

"என்ன வருஷம்?"

மேஜைமேலிருந்த மடிக்கணினியில் பழைய ஓட்டத்தின் வெப்பக் கோடு இன்னும் அப்படியே இருந்தது. "ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறு."

"இறங்குச்சா?"

"இறங்குச்சு."

"எவ்வளவு?"

பொய்யாக ஓர் எண் சொல்ல அவனுக்குத் தெரியாது. திரையில் இருந்ததையே படித்தான். "ஒண்ணரை டிகிரி."

சுன்னிவா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "அவ்வளவு இறங்காது" என்றாள் மெதுவாக. "கடலைத் திறக்காம விட்டுட்டேன். அப்படித்தானே?"

அவன் பஞ்சை எடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒட்வார் திறந்து பாத்தானா?"

"பாத்தான்."

எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, கேட்காமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை.

பதினொரு மணிக்குத் தூரிட் வந்தாள். நாடி பார்த்தாள், தலையணையைச் சரிசெய்தாள்.

"சுன்னிவா, இது என்ன வருஷம்?"

"ரெண்டாயிரத்து இருபத்தாறு."

"அடடே! இன்னைக்கு எவ்வளவு தெளிவா இருக்கீங்க!" தூரிட் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். போகும்போது அஸ்லாக்கின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்று மணிக்குச் சுன்னிவாவின் மூச்சு நின்றது.

அஸ்லாக் அவள் கண்களை மூடினான். பிறகு, உயிர் வெளியே போக வழிவிடும் ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டான். பிப்ரவரி மாதம். பனி விழ வேண்டிய நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. திரைச்சீலை நனைந்து சுவரில் ஒட்டிக்கொண்டது.

சாரல் மடிக்கணினி மேல் விழுவதைப் பார்த்துப் போய், சட்டைக் கையால் துடைத்தான். திரையில் ஒட்வாரின் புதிய ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டாயிரத்து முப்பத்திரண்டு, மார்ச்" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு மேஜையை ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தான்.