யூஜின் எந்தக் கரைக்கு?

நிரூபனின் நாவலில் கடல் பதினெட்டு இடங்களில் அழுதது. எண்ணிச் சொன்னவள் அவன் மனைவி பெற்றிசியா. பேசாலைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். கடல் அழுது அவள் ஒருநாளும் கண்டதில்லை.

நிரூபன் அடம்பன் ஊர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை. கடலை அவன் ஆராய்ந்ததெல்லாம் கந்தோர் மேல்மாடி யன்னல் வழியாகத்தான். ஒரேயொரு தரம் வள்ளத்தில் ஏறினான். காலைச் சாப்பாடு முழுவதையும் மீன்களுக்குப் படைத்துவிட்டு இறங்கினான். அதைத்தான் முன்னுரையில் ‘கடலோடு கலந்தேன்’ என்று எழுதியிருந்தான்.

இவ்வளவு பாடும் மாமனார் அமிர்தநாயகத்துக்காக. பேசாலையில் மூன்று வள்ளம் வைத்திருக்கும் மனிதர். மகள் வயல்காரனைக் கட்டி மூன்று வருடமாகியும் அவர் அவனை மருமகன் என்று வாய் திறந்து கூப்பிட்டதில்லை. “கந்தோர்க்காரர் வந்திருக்கிறார், தேத்தண்ணி குடு” என்பதோடு சரி. கடல் நாவல் எழுதி முதற் பிரதியை அவர் கையில் கொடுத்தால் ஆள் இளகுவார் என்று நிரூபன் மனக்கோட்டை கட்டினான்.

வெளியீடு பேசாலைப் பங்கு மண்டபத்தில் நடந்தது. மாமனார் முன்வரிசைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நிரூபன் குரல் தழுதழுக்கக் கடைசி அத்தியாயத்தை வாசித்தான். சோளகக் காற்றில் வள்ளம் கவிழ்கிறது. கதாநாயகன் யூஜின் மூழ்கிப்போகிறான். மூன்றாம் நாள் அலை அவனைப் பேசாலைக் கரைக்குக் கொண்டுவந்து, காத்திருந்த காதலியின் காலடியில் கிடத்துகிறது.

கைதட்டல் வரவில்லை. பின்வரிசையில் றோய் என்ற இளம் சம்மாட்டி, சொந்த வள்ளக்காரன், எழும்பினான்.

“அண்ணை, ஒரு சந்தேகம். சோளகத்தில எப்பிடிப் பிணம் பேசாலைக்கு வந்தது?”

“ஏன், வராதோ?”

“சோளகம் தெற்கால அடிக்கிறது. நாங்கள் இருக்கிறது வடக்குக் கரை. கரையில இருந்து வெளியாலதான் தள்ளும். ஆள் இரணைதீவுப் பக்கமெல்லோ போயிருப்பார்.”

“விசர்க்கதை. நெடுந்தீவுக்குத்தான் போயிருக்கும்,” என்றாள் கருவாட்டு வியாபாரி செலீனா. “வடக்கால அடிக்கிற வாடையில செத்திருந்தா நேர இஞ்ச வந்திருப்பான். நாள் பார்த்துச் சாகவும் தெரியாத பொடியன்.”

மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சமாதானம் செய்ய எழும்பிய பங்குத்தந்தை, நெடுந்தீவுப் பக்கம் சாய்ந்துவிட்டு அமர்ந்தார். நாவலைப் பற்றி ஒரு குருவிகூட வாய் திறக்கவில்லை.

நிரூபனுக்கு முகம் செத்துப்போயிற்று. அவனுக்குத் தெரிந்த காற்று அது ஒன்றுதான். அடம்பனில் அப்பா சிறுபோக நெல்லைத் தூற்றுவது சோளகத்தில். பதரைப் பறக்கவிட்டு மணியைக் காலடியில் போடுகிற காற்று. யூஜினையும் அப்படியே போடும் என்று நம்பிவிட்டான்.

“திருத்திறன் மாமா,” என்றான். “அடுத்த பதிப்பில வாடையெண்டு மாத்திவிடுறன்.”

அமிர்தநாயகம் மெல்ல எழும்பினார். சத்தம் அடங்கியது.

“சோளகத்தில போனவன் பேசாலைக்கு வரமாட்டான்,” என்றார். “என்ர தம்பி வரேல்லை. இரணைதீவும் தேடினனான், நெடுந்தீவும் தேடினனான். அம்மா சாகுமட்டும் இந்தக் கரையையேதான் பார்த்துக்கொண்டு இருந்தவ.”

முப்பது வருடத்துக்கு முந்திய சாவு. ஒரு சித்தப்பா இருந்தார் என்பதற்கு மேல் பெற்றிசியாவுக்கே வீட்டில் யாரும் சொன்னதில்லை. செலீனாவுக்குத் தெரியும், சிரிப்பிலும் பம்பலிலும் மறந்துபோனாள். இப்போது முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நிரூபனுக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

மாமனார் மேடையேறிப் புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் விரலை வைத்தார்.

“கடல் அழுற இடமெல்லாத்தையும் வெட்டிவிடும். அது அழாது,” என்றார். “இதை மட்டும் மாத்தாதேயும், மருமோன். புத்தகத்திலயாவது வந்து சேரட்டும்.”