ஏழே கால், ஏழரை

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு நிறுத்தத்தை விட்டு அரை நிமிடம் முந்திக் கிளம்பினாலும் எங்கள் பணிமனையில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் நான் இரண்டே முறைதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்க ஆள் கிடைத்தால் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவன், பெற்ற மகளிடம் பத்து வரை ஒழுங்காக எண்ணவில்லை.

சிஹோவுக்கு அப்போது நாலு வயது. ஆட்டிசம் என்று சுகாதார மையத்தில் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. பேச்சு கொஞ்சம்தான். சட்டைக் காலரின் துணி லேபிளை வெட்டி எடுத்தால்தான் போட்டுக்கொள்வாள். சாப்பாடு என்றால் வெறும் சோறு, மேலே எதுவும் போடாத உதோன் நூடுல்ஸ், ஒரே கடையின் பால் ரொட்டி. இதற்கெல்லாம் நானும் என் மனைவி தொமொயோவும் பழகிவிட்டோம். பல் தேய்ப்பதற்குத்தான் பழக முடியவில்லை.

பிள்ளை தானே தேய்த்து முடித்ததும் பெற்றோர் மடியில் படுக்கவைத்து இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். எட்டு, ஒன்பது வயது வரை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இது உண்டு. சிஹோவுக்கோ பிரஷ் உதட்டில் பட்டாலே உடம்பு வில்லாக வளைந்துவிடும். "ஊசி, ஊசி" என்பாள். பற்பசை நுரை நாக்கில் பட்டால் வாந்தியில்தான் முடியும். மூன்று வயதுப் பரிசோதனையில் இரண்டு சொத்தைப் பல் என்று வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் போகும் பாலர் பள்ளியில், சொத்தை இல்லாத பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய பல் ஒன்றை ஒட்டுவார்கள். இருபத்திரண்டு பெயரில் என் மகள் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. அது எனக்கு உறுத்தியது. பிள்ளையின் வாய் எரிவது உறுத்தவில்லை, சுவரில் காகிதம் இல்லாததுதான் உறுத்தியது. இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதனால் அமுக்கிப் பிடித்தேன். தரையில் உட்கார்ந்து, அவள் தலையை என் தொடைகளுக்கு நடுவே வைத்து, அவள் கைகள் இரண்டையும் என் கால்களுக்கு அடியில் அடக்கிக்கொள்வேன். பரிசோதனையில் கொடுத்த துண்டுத்தாளில் இதற்குப் படமே இருந்தது. படத்தில் இருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் குழந்தை தொண்டை கட்டும் வரை கத்தினாள்.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. குளியல் தொட்டியில் தோள் முங்க உட்கார்ந்து பத்து வரை எண்ணிவிட்டு எழுந்திருப்பது அவளுக்கு உயிர். பத்து என்றதும் துள்ளி வெளியே வருவாள். அவள் உலகத்தில் எல்லாம் மாறிக்கொண்டே இருந்தது; எண் மட்டும் சொன்னபடி நடந்தது. அதையே பல்லுக்கும் சொல்லிப் பார்த்தேன்.

"பத்து வரைக்குந்தான்டா. பத்து சொன்னதும் விட்டுருவேன்."

வாயைத் திறந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பத்து வரை பொறுத்தாள். எனக்கு நம்பவே முடியவில்லை. அன்றைக்குப் பத்தில் நிறுத்தினேன். மறுநாளும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் பின்பக்கப் பல் இரண்டு பாக்கி இருந்தது.

"ஏழு," என்றேன். "ஏழே கால். ஏழரை. ஏழே முக்கால்."

அதற்குப் பிறகு தினமும் இதே இழுப்புதான். ஒன்பது வரை போய் மறுபடி ஐந்துக்கு வந்தேன். சமர்த்து என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

"அவகிட்ட எண்ணிக்கையில விளையாடாதீங்க," என்றாள் தொமொயோ.

"ரெண்டு பல்லுதான் பாக்கி. கொஞ்சம் இழுத்தா குடியா முழுகிடும்?"

"உங்க பஸ்ஸ அப்படி இழுத்துப் பாருங்களேன்."

"பஸ்ல வர்றவங்க யாரும் என் விரலக் கடிக்கிறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இரண்டு வாரம் இப்படிப் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சிஹோவும் நானும் தொட்டியில் இருந்தோம். பத்து எண்ணி முடித்து எழுந்து நின்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"பத்து ஆயிருச்சும்மா. வா."

என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஏழு. ஏழே கால். ஏழரை."

நான் இழுத்துச் சொல்லும் அதே இழுப்பு. வெளியே வர அவளுக்கு ஆசைதான். முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்து, கண்ணில் நீர் கோத்து நின்றது. ஆனால் பத்து வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் பத்து, பத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் கீழே முங்கினாள். தொடப்போனால் கத்தினாள். கடைசியில் தொமொயோ ஓடி வந்து, உடுத்திய துணியோடு தொட்டியில் இறங்கித் தூக்கினாள். சிஹோவுக்குத் தலை சுற்றி, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்கவைத்தோம். தொமொயோ நனைந்த துணியோடே பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விசிறினாள். 

அடுத்த வாரம் பல் மருத்துவமனைக்குப் போனோம். பற்களைச் சுத்தம் செய்யும் குவாபாரா என்ற பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள்; பிள்ளையோடு வரும் ஆண்களை அப்பா என்றே கூப்பிடுவாள்.

"அப்பா, மொதல்ல அந்தப் பற்பசையைத் தூக்கிப் போடுங்க. வெறும் தண்ணி போதும்."

"அப்போ சொத்தை?"

"சொத்தைய நாங்க பாத்துக்கிறோம். நீங்க பாப்பாவப் பாருங்க." பிறகு பிரஷின் பின்பக்கத்தை சிஹோவின் தோளில் அழுத்தி வைத்தாள். "தோள், கன்னம், அப்புறமா உதடு. மெல்லத் தடவாதீங்க, இவளுக்கு அதுதான் ஊசி. அழுத்தி வைங்க. மூணு எண்ணுங்க. மூணுன்னதும் பிரஷ் வெளிய வந்துரணும். பல்லுல பட்டுச்சா படலையான்னு அப்புறம் கவலப்படலாம். இத்தனை நாள் எப்படி எண்ணுனீங்க?"

"சாதாரணமாத்தான்," என்றேன்.

தொமொயோ முகத்தைத் திருப்பி வாசலில் இருந்த செருப்பு அலமாரியைப் பார்த்தாள்.

அதன்பிறகு எண்ணும் வேலை தொமொயோவுடையது. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, மூன்று வாரம் தோளும் கன்னமும் மட்டும். அப்புறம் முன்பல் இரண்டு. மூன்று ஐந்தாகி, ஐந்து பத்தாக ஒரு வருடம் ஆயிற்று. இப்போதும் சில நாள் முடியாது. முடியாத நாளில் விட்டுவிடுகிறோம். நான் வாய் கொப்பளிக்கும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் "ஒன்று" என்று வாயைத் திறந்தாலே சிஹோ காதைப் பொத்திக்கொண்டு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்விடுவாள். மாடிப்படி ஏறும்போதும், சிக்னலில் நிற்கும்போதும் அவள் காது கேட்கப் பத்து பத்தாக, ஒன்றுகூட இழுக்காமல் எண்ணிக் காட்டியிருக்கிறேன். வண்டியில் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் சரிக்கட்டிவிடலாம். இதை எங்கே சரிக்கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பால்பல் சீழ் பிடித்து வீங்கியது. இப்போது ஆறு வயது, ஏப்ரலில் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். தொமொயோவுக்கு அவள் வேலை பார்க்கும் கடையில் விடுப்புக் கிடைக்காததால் நான் அழைத்துப் போனேன். நாற்காலியில் நல்லபடியாகப் படுத்தாள். மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. மருத்துவர் பல்லைப் பிடுங்கும் கருவியைக் கையில் எடுத்தார்.

"அப்பா பத்து எண்ணட்டும். பத்துக்குள்ள எடுத்துர்றேன், சரியா?"

என் மனம் துள்ளியது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு வருடமாக எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். நெருங்கிப் போனேன்.

சிஹோ வாயை மூடிக்கொண்டாள். மூச்சு வாங்கினாள். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், ஒரு தகவல் போலச் சொன்னாள்.

"அப்பா வேண்டாம். அப்பாவோட பத்து முடியறதே இல்ல."

குவாபாரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் இரண்டு வருடத்துக்கு முன் சொன்ன பொய் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். 

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க. நான் எண்ணுறேன்."

நாற்காலியை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். "ஒண்ணு," என்றாள் குவாபாரா. "ரெண்டு." என் மகளிடமிருந்து சத்தமே இல்லை, யாரோ ஒருத்தியின் எண்ணிக்கையை நம்பி வாய் அகலமாகத் திறந்திருக்கும். என் உதடும் சேர்ந்து அசைந்தது. எட்டு. ஒன்பது. பத்து. பத்தில் எல்லாம் நின்றது. நானும் நிறுத்தினேன். நான் நிறுத்தியது யாருக்கும் கேட்கவில்லை.