ஏணைக் கயிறு

ஸ்கான் எடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து கோகுலராஜ் மனைவியின் வயிற்றில் கை வைப்பதில்லை. உசாந்தி அதைக் கவனித்தும் கவனிக்காதவள் போலவே சில நாட்கள் இருந்தாள்.

அதற்கு முன்பெல்லாம், விடியலில் வாவியிலிருந்து இறால் வலையோடு திரும்பியதும் அவன் செய்யும் முதல் வேலை அதுதான். தண்ணீருக்குள் கிடந்த கைகள் விறைத்திருக்கும். அப்படியே வைத்தால் பிள்ளை சுருண்டுகொள்ளும் என்று, தேத்தண்ணிக் கிளாசைச் சுற்றிப் பிடித்து உள்ளங்கைகளைச் சூடாக்கிக்கொண்டு பிறகுதான் வைப்பான். இப்போதும் கிளாசை அதே மாதிரித்தான் பிடிக்கிறான். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் பிடித்தபடியே இருக்கிறான். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விடுகிறான். கேட்டதற்கு ஒரு நாள் கையெல்லாம் இறால் முள் குத்திய புண் என்றான். இன்னொரு நாள் காய்ச்சல் குணம் என்றான்.

ஸ்கானுக்கு டவுனில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் அதிகம் பேசவில்லை. உசாந்தி கழிவறைக்குப் போய்வந்தபோது கோகுலராஜ் டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். எல்லாம் சரியாம், பிள்ளை நல்ல பாரமாம் என்றான். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் பக்கத்து இருக்கையைக் கொடுத்துவிட்டு வாழைச்சேனை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அடுத்தடுத்து இரண்டு தங்காமல் போன பிறகு வந்த பிள்ளை இது. நல்ல பாரமாம், நல்ல பாரமாம் என்று அவள் வீடு வந்து சேரும் வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவன் கை விலக, அம்மாவின் கை நெருங்கியது. அம்மா பத்தினிப்பிள்ளை முன்வீட்டை மூத்தவள் உசாந்திக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டி இளைய மகள் நிருஷாவோடு இருக்கிறாள். பின்னேரத்தில் சூடான பாண் விற்கும் ஓட்டோ தன் வழக்கமான மெட்டைப் போட்டுக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலத்துப் பக்கமிருந்து வரும். அது ஒழுங்கைக்குள் நுழைந்ததும் பிள்ளை அசையும். முதலில் ஒரு புரளல், பிறகு விலாவுக்குக் கீழே ஒரு தள்ளல். அசைவு தெரியத் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போதெல்லாம் பத்தினிப்பிள்ளை அடுப்பில் வைத்தது வைத்தபடி இருக்க ஓடிவந்து கை வைத்தாள்.

"பாத்தியா, பாண்காரன் வந்தாத்தான் தொர எழும்புவாரு. பொறந்த ஒடன சம்பலும் கேப்பான் பாரு."

நிருஷாவும் வந்து காதை வைத்துப் பார்த்துச் சிரிப்பாள். கோகுலராஜ் அந்த நேரம் பார்த்துக் கரைக்குப் போய்விடுவான்.

வீட்டில் ஏணைக் கயிறு ஒன்று இருந்தது. பிள்ளையைச் சேலையில் கிடத்தி கூரை வளையில் தொங்கவிடும் ஏணைக்கென்று அவன் முன்கூட்டியே ஓட்டமாவடியில் வாங்கிவந்த நீல நைலோன் கயிறு. கயிறு சேலையை அறுக்காமல் இருக்க, நடுவில் உசாந்தியின் பழைய சிவப்பு நைட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தான். பிறக்க முன்னம் ஏணை கட்டக் கூடாது என்று மாமி பத்தினிப்பிள்ளை ஏசியதால் சுருட்டி, அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டான். ஒரு நாள் அந்த ஆணி வெறுமையாக இருந்தது. எலி கடிக்கும், பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்றாள் அம்மா.

அன்று பின்னேரம் கோகுலராஜ் போனை மறந்துவிட்டுக் கரைக்குப் போயிருந்தான். இறால் வியாபாரி விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு வரலாம் என்று உசாந்தி மெல்ல நடந்து போனாள். அவன் குந்தியிருந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தான். தோணி கண்டல் மர வேரில் கட்டப்பட்டிருந்தது. கயிறு நீலம். நடுவில் சேறு பிடித்த சிவப்புத் துணி.

"இது என்னத்துக்கு இஞ்ச?"

பழைய கயிறு அறுந்துபோய்விட்டது என்றான். பிறகு, நல்ல கயிறு, சும்மாதானே கிடந்தது என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு விளங்கியது. பாசி எடுத்த கை அப்படியே நின்றது.

"ஏன் சும்மா கிடக்கு? புள்ள வரப்போகுதுதானே?"

அவன் வலையைப் பார்த்தபடியே சொன்னான். பிள்ளையின் மண்டையோடும் மூளையும் வளரவில்லை. பிறந்தாலும் நிலைக்காது. மனைவியையும் உள்ளே கூட்டிவாருங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். ஏற்கனவே நொந்தவள், வீட்டில் வைத்து நானே சொல்கிறேன் என்று இவன்தான் தடுத்திருக்கிறான்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"மாமிக்குச் சொன்னன். நிருஷாவுக்கும் தெரியும். பொறக்கிற வரைக்கும் நீ சந்தோசமா இரிக்கட்டும் எண்டு மாமிதான் சொன்னவ."

அடுப்பை விட்டு ஓடிவந்த அம்மாவை உசாந்தி நினைத்தாள். காதை வைத்துச் சிரித்த நிருஷாவை நினைத்தாள். கை வைக்க முடியாமல் கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்த இவன் ஒருவனால்தான் நடிக்க முடியவில்லை. அவன் மேல் அதற்காக இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"அப்ப பாண்காரன்ட சத்தத்துக்கு எழும்புறது?"

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு நாளும் மறைத்ததற்கு இதையாவது உள்ளபடி சொல்வோம் என்று நினைத்தானோ என்னவோ.

"நானும் டொக்டரிட்டக் கேட்டன் புள்ள. அது கேட்டு எழும்புறதில்லயாம். தானா அசையிறதாம்."

உசாந்தி போனை மணலில் வைத்தாள். முழங்காலளவு தண்ணீரில் இறங்கித் தோணியின் மூக்கிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, நேரமெடுத்தது. பிறகு கரையேறி வேரில் இருந்ததையும் அவிழ்த்துச் சுருட்டினாள். அவன் தடுக்கவில்லை. கச்சான் காற்றுக்குத் தோணி மெல்ல விலகத் தொடங்கியது. கோகுலராஜ் எழும்பி நின்று அவளையும் தோணியையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தோணிக்குப் பின்னால் தண்ணீருக்குள் இறங்கினான்.

முற்றத்தில் நின்ற பத்தினிப்பிள்ளை கயிற்றைக் கண்டாள். துவாய் எடுக்க உள்ளே போனாள். உசாந்தி விறாந்தைக் கதிரையில் இருந்து கயிற்றை மடியில் வைத்துக்கொண்டாள். சேற்றுத் தண்ணீர் உடுப்பில் இறங்கியது. அம்மா துவாயோடு வந்து பக்கத்தில் நின்றபோது பாலத்துப் பக்கமிருந்து அந்த மெட்டு வந்தது. ஒழுங்கைக்குள் நுழைந்தது. பிள்ளை எப்போதும் போல விலாவுக்குக் கீழே தள்ளியது. உசாந்தியின் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பத்தினிப்பிள்ளையின் கை பழக்கத்தில் நீண்டு வயிற்றைத் தொட்டது. தொட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"சிரிங்கம்மா," என்றாள் உசாந்தி.

"மனே..." என்று இழுத்தாள் அம்மா.

"நேத்துச் சிரிச்சீங்கதானே. இண்டைக்கும் சிரிங்க."

அம்மா கையை எடுக்கப் பார்த்தாள். உசாந்தி மணிக்கட்டைப் பிடித்து வயிற்றோடு அழுத்தினாள்.

"எடுக்காதீங்க. பாண்காரன் போகுமட்டும் வெச்சிருங்க."

ஓட்டோ படலையடியில் வேகத்தைக் குறைத்தது. யாரும் எழும்பி வராததால் மெல்ல நகர்ந்து அடுத்த வளவுக்குப் போனது. மெட்டு தேய்ந்து, ஒழுங்கை முடிவில் நின்றுபோனது. நின்ற பிறகும் பிள்ளை அசைந்துகொண்டிருந்தது. இரண்டு பேரின் கைக்கும் அது தெரிந்தது.

அப்போதுதான் உசாந்தி பிடியை விட்டாள்.