படத்தில் இல்லாத பாதை

கல்யாணப் பெண்களின் முகத்தில் பருக்களை அழித்துப் பழகிய கை அது. இன்று பாலைநிலத்தின் முகத்தில் ஆட்டுத்தடத்தை அழித்துக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, போட்டோகிராபர் மணலை எடுத்து மணல்மேலேயே பூசினான். கிணறு வரை போன ஒற்றையடிப் பாதை நாலே இழுப்பில் காணாமல் போனது.

சோலார் கம்பெனி மேனேஜர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த மூலையில இன்னும் ஒரு ஆடு நிக்குது பாருங்க."

"அது பாட்டுக்கு ஓரமா நிக்கட்டுமே சார். படத்துக்கு ஒரு உயிர் இருக்கும்."

"உயிரெல்லாம் வேணாம்யா. காலியா, சுத்தமா இருக்கணும். விளம்பரப் புத்தகத்துக்குத்தானே!"

ஆடும் போனது. 'கத்தியில்லாமல் ஆடு அறுக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்' என்று தனக்குள் சிரித்துக்கொண்டே, பழைய படத்தின் மேலேயே புதியதைப் பதிந்தான். கணினியில் இடத் தட்டுப்பாடு. அசலை வைத்துக்கொண்டு ஆரத்தியா எடுக்க முடியும்?

அந்த நிலத்தில் சோலார் தகடுகள் நிறுத்த அனுமதி தருவதற்கு முன் அரசு அதிகாரி நடத்திய குறைகேட்புக் கூட்டத்தைப் படம்பிடிக்கவும் கம்பெனி அவனையே அனுப்பியது. வேலி போட்டால் கிணற்றுக்குப் போகும் வழி அடைபடும், நடுவில் ஒரு பாதை விடுங்கள் என்று கேட்க, அந்த நிலத்தில் ஆடு மேய்க்கும் பெண் வந்திருந்தாள். அதிகாரி விளம்பரப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பாதை எங்கம்மா? வெறும் மணல்தானே இருக்கு?"

அவள் கண்ணை இடுக்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இந்தத் தம்பிதாங்க வந்து எடுத்துச்சு. எங்க கிணத்துத் தண்ணியத்தான் குடிச்சுது. நீயே சொல்லுப்பா, பாதை இருந்துச்சா இல்லியா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். கடை வாடகையே அந்த மனிதர் தரும் வேலையில்தான் ஓடுகிறது. அவன் கேமராவைக் கீழே இறக்கினான்.

"இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன்."

"அசல் படம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் வாய்ப்பேச்சை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

அதிகாரி அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அவன் அவளை மறித்தான். "அக்கா, மன்னிச்சிருங்க. ஏதோ அழகுக்குன்னு நினைச்சுப் பண்ணிட்டேன்."

"வெயில்ல கரண்டு எடுக்குறது நல்லதுதான்பா, யாரு வேணாங்குறா? ஆனா ஒரு நிலத்தைக் காலின்னு சொல்றதுக்கு முன்னாடி, அங்க யாரு பொழைக்கிறாங்கன்னு பாக்கணும். பாத்தும் மறைச்சா, அந்த வெளிச்சம் அடுத்தவன் அடுப்புலருந்து பிடுங்குன நெருப்பு."

அவன் இன்னும் வழியை மறித்தே நின்றான்.

"நகரு தம்பி. ஆட்டுக்குத் தண்ணி காட்டணும். இனிமே ரொம்ப தூரம் சுத்திப் போகணும்ல?"