கீரையின் வலது காது

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மூன்று தலை ட்ராகனைத்தான். அதற்குப் பக்கத்தில் கடல் நாகம், ஓநாய் மனிதன், கீழ்த்தட்டில் வேற்றுக்கிரகத்துக் கூட்டம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதற்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சேர்த்துவரும் பொம்மைகள். நான் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் பூதம். "பூதத்தைக் கூப்பிடுப்பா, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு" என்பார்கள். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்வதில்லை. பொம்மையில் யாராவது கை வைத்தால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பொம்மை சேர்ப்பவர்களுக்குள் ஒரு சொல் உண்டு: பிழை. தொழிற்சாலையில் தவறாக வார்க்கப்பட்டு வந்த பொம்மைக்கு அதுதான் பெயர். ஒரு கண்ணுக்கு மை தீட்டாமல் விட்டிருப்பார்கள், இரண்டு கையையும் இடது கையாக ஒட்டியிருப்பார்கள். கடைக்காரர் கழித்துப்போடுவார், நாங்கள் அடித்துப்பிடித்து வாங்குவோம். கீரை அப்படி வந்த பிழை. உள்ளங்கை உயரத்துக்குப் பச்சை நிறத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசி. இடது பக்கம் கரண்டி மாதிரி பெரிய காது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை, வழவழவென்றிருக்கும். அதற்குக் கீரை என்று பெயர் வைத்தவள் என் மகள்.

என் மகளுக்கும் வலது காது கிடையாது. பிறவியிலேயே இல்லை, அந்த இடத்தில் பருப்பளவுக்கு ஒரு மேடு மட்டும்தான். அந்தப் பக்கம் கேட்கவும் கேட்காது. மற்றபடி சரியான வாயாடி. கீரையை முதன்முதலில் பார்த்தபோது, "அப்பா, இது நம்ம கட்சி" என்றாள். அதன்பிறகு அது அலமாரியில் இருந்ததைவிட அவள் சட்டைப் பையில் இருந்ததுதான் அதிகம். எனக்கு அதில் பெருமைதான்.

என் மனைவிக்குத் தொழிலே காது செய்வது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. விபத்திலோ நோயிலோ காதையும் மூக்கையும் இழந்தவர்களுக்குச் சிலிக்கானில் புதிதாகச் செய்துகொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். தோலின் நிறத்துக்கு ஏற்பச் சாயம் கலந்து, உள்ளே ஓடும் நரம்புகூடத் தெரிகிற மாதிரி செய்வாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே, இல்லாத உறுப்புக்குப் பெயர் குறை. "இன்னைக்கு ஒரு மூக்கு, ஒரு இடது காதுக் குறை. இடுப்பே ஒடிஞ்சிருச்சு" என்று சாப்பிடும்போது சொல்வாள். எனக்கு ஸ்பேனர் எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அந்தச் சொல்.

இந்த வருஷம் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். பழைய பள்ளியில் பிள்ளைகளுக்கு அவளைப் பழகிப்போயிருந்தது. புது இடத்தில் என்ன பேசுவார்களோ என்று மனைவி கலங்கிப்போனாள். தன்னுடைய வலது காதையே அச்செடுத்து, மகளின் இடது காதுக்கு ஜோடியாகச் சீவி, சாயத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி ஒரு காது செய்தாள். அவள் செய்ததிலேயே அதுதான் உசத்தி. மகளோ பிடிகொடுக்கவில்லை.

"வலிக்கும்."

"வலிக்காதுடி. வெறும் பசைதான்."

"எனக்கு வேணாம்."

தினமும் இதே பாட்டு. நான் இரண்டு பக்கமும் பேசாமல் அலமாரியைத் துடைக்கப் போய்விடுவேன். உள்ளுக்குள் எனக்கும் அவள் அதை வைத்துக்கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது. நாலு பேர் அவளை முறைத்துப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜைமேல் கீரை நின்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு காது. வலது பக்கத்தில், அதே பச்சையில், அதே கரண்டி வளைவோடு ஒன்று. எந்தப் பக்கம் பழையது என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. மனைவி காபிக் கோப்பையோடு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?" என்று கத்தினேன்.

"அவளுக்குக் காட்டத்தாங்க. கீரைக்கே ஒட்டியாச்சுன்னு பாத்தா அவளும் பயப்படாம வச்சுக்குவா."

"கெடுத்துட்டியே! இதோட பெருமையே அந்தப் பிழைதான். இப்ப இது கடையில குவிச்சுப் போட்டிருக்கிறதுல ஒண்ணு!"

"குறையைச் சரி பண்ணியிருக்கேன். கெடுத்துட்டேங்கிறீங்க!"

இப்படி ஆளுக்கொரு பக்கம் கத்தியதில், மகள் எழுந்து வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கதவோரம் இடது பக்கத்தை எங்களுக்குக் காட்டி நின்றாள். ஒன்றையும் விடாமல் கேட்க வேண்டுமென்றால் அவள் அப்படித்தான் நிற்பாள்.

அவள் வந்து கீரையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வலிச்சிருக்குமா?"

"துளிகூட வலிக்கல கண்ணு. எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

"இப்ப இதுக்கு அந்தப் பக்கம் கேக்குமா?"

மனைவி தன் வேலையைப் பற்றி யாரிடமும் பொய் சொன்னதில்லை. "கேக்காதும்மா. இது பாக்குறதுக்கு மட்டும்தான்."

"யாரு பாக்குறதுக்கு?"

மனைவி காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கோ கைதான் முந்தும். "விடும்மா, அப்பா பழையபடி ஆக்கித் தர்றேன்" என்று பொம்மையை வாங்கி, புதுக் காதை நகத்தால் நெம்பினேன். என் மனைவி ஒட்டினால் லேசில் வருமா? பலமாக இழுத்தேன். காதோடு சேர்ந்து பச்சைச் சாயமும் பெயர்ந்து வந்துவிட்டது. வழவழவென்றிருந்த இடத்தில் இப்போது சொரசொரவென்று ஒரு வெள்ளைத் தழும்பு.

"விடுங்கப்பா" என்றாள் மகள். "இப்பதான் அதுக்கு வலிக்கும்."

கீரையை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். மனைவி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "தினம் ஊருக்கெல்லாம் செய்யுறேன். என் பொண்ணுக்குச் செஞ்சது மட்டும் டப்பாவுல கிடக்கு" என்றாள். நான் அவள் முதுகைத் தடவினேன்.

பள்ளி திறந்த அன்று காலை மகள் தானாகவே அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கிக் காட்டி, "ஒட்டும்மா" என்றாள். மனைவி பசையை எடுத்தாள். ஒட்டி முடித்து, தள்ளி நின்று பார்த்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். என் மனைவியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாகப் பிள்ளை மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

பள்ளித் தெரு திரும்பியதும் பைக்கை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வலது பக்கத்தை என் பக்கம் திருப்பினாள்.

"எடுத்துடுங்கப்பா. மெதுவா."

ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். இந்தத் தடவை நகம் படவில்லை. என் மனைவியின் காது என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. மகள் அதைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் கீரைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். தலைமுடியை இழுத்து அந்தப் பக்கத்தை மூடவில்லை.

"சாயந்திரம் வர்றப்ப பசை எடுத்துட்டு வாங்கப்பா" என்றாள். "வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒட்டிரலாம். அம்மா பாக்குறதுக்கு வேணும்ல."