ஏழாம் பெட்டியின் நாற்பது கற்கள்

மூன்று வாரமாக அந்த வழிகாட்டியோடு மல்லுக்கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதுவது அவள் வேலை. இப்போது பார்வையாளர்கள் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி வந்திருந்தது. அது உளறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் தலையில்தான் விழுந்தது. உளறித் தொலைத்தாலாவது திருத்தலாம். அதுவோ புது மாப்பிள்ளை மாதிரி பணிவாக எல்லார் கட்சியையும் எடுத்துச் சொல்லிற்று. அமெரிக்காவுக்கு மனிதன் முதலில் எப்படிப் போனான் என்று கேட்டால் போதும், பனிப்பாறைகளுக்கு நடுவே நடந்து போனான் என்பார்கள் சிலர், கரையோரமாகப் படகில் போனான் என்பார்கள் சிலர் என்று ஆரம்பித்துவிடும்.

அட்டை எழுதாமல் மிச்சம் இருந்தது ஏழாம் பெட்டி மட்டும். அதில் நாற்பது கற்கள். அமெரிக்க மலைச்சரிவு ஒன்றின் அடியில் அவளுடைய அண்ணன் ஐந்து வருஷம் தோண்டி எடுத்தவை. முப்பதாயிரம் வருஷத்துக்கு முன் மனிதன் செதுக்கிய கருவிகள் என்று அண்ணன் சொன்னார். மேலிருந்து உருண்டு தானாக உடைந்த கற்கள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அட்டையில் கருவிகள் என்று போடுவதா, கற்கள் என்று போடுவதா? சாயங்காலத்துக்குள் முடிவு பண்ணிவிடு என்று சொல்லிவிட்டு இயக்குநர் நழுவிவிட்டார். அண்ணனின் ஆயுசு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் கிடந்தது.

அண்ணனே வந்துவிட்டார். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, வழிகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதை வறுத்தெடுத்தார். அதுவும் சளைக்கவில்லை. கல்லின் ஓரங்களில் வரிசையாகத் தட்டிய தழும்பு இருப்பது அவர் பக்கம் என்றது. அடுப்புக் கரியோ எலும்போ கிடைக்காதது மற்றவர் பக்கம் என்றது. அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பக்கமும் பேசினது போதும். நீ என்ன நினைக்கிற, அதைச் சொல்லு."

"மலையே ஆயிரக்கணக்குல கல்லை உடைச்சிருந்தா, அதுல நாற்பது தானாவே இப்படி அமையலாம். கிடைச்சதே கொஞ்சம்தான், அதுல நாற்பது இப்படின்னா, மனுஷன் கைதான். நீங்க எடுக்காம விட்டது எத்தனைங்க?"

"பிரிச்சதெல்லாம் இவதான்," என்றார் அண்ணன். "இவளைக் கேளு."

அந்த ஐந்து வருஷமும் விடுமுறை எடுத்துக்கொண்டு அண்ணனுக்கு ஒத்தாசையாகப் போனவள் அவள். அண்ணன் குழிக்குள் இருப்பார். சலித்த கற்கள் கூடை கூடையாக மேலே வரும். கருவி மாதிரி இருப்பதை எடுத்து வை, மற்றதைத் தள்ளு என்பது அவர் உத்தரவு. அப்படிப் பார்த்தால் கூடாரமே நிறைந்துவிடும் என்று இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் லட்சணமானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஓடையில் கொட்டினாள். எண்ணவில்லை, குறித்தும் வைக்கவில்லை. அப்புறம் அண்ணன் மேடைக்கு மேடை அடிவாங்கிக்கொண்டிருந்தபோது எந்த முகத்தோடு சொல்வது? முப்பது வருஷம் வாயே திறக்காமல் இருந்து இருந்தே அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

"நிறைய இருந்துச்சுண்ணா," என்றாள். "தினம் பத்துக் கூடை கொட்டியிருப்பேன். உங்ககிட்ட சொல்லல."

அண்ணன் கோபப்படவில்லை. கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஆசையாகக் கேட்டதுதான் அவளைக் கொன்றது.

"கொட்டினதுல நல்லது ஏதாவது போயிடுச்சா?"

ஆமாம் என்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இல்லை என்றிருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

"எல்லாமே இதே மாதிரிதான் இருந்துச்சுண்ணா."

அத்தனை ஆயிரத்தை மனிதன் செதுக்கியிருக்க முடியாது, உடைத்தது மலைதான் என்று அண்ணனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இதைப் பதிந்துகொள்ளட்டுமா என்று வழிகாட்டி மெதுவாகக் கேட்டது. அண்ணன்தான் அதை வாயருகே தூக்கி, அதற்குக் காது மந்தம் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"கற்கள்னு போட்டுக்கோ."